விமான எஞ்சினுக்கு அரசாங்கம் ஏன் காசு கொடுக்கிறது?

"பசுமை விமான எஞ்சின் ஆராய்ச்சிக்கு அரசு நிதி" என்று செய்தி வரும்போதெல்லாம் இரண்டு விதமான பேச்சைக் கேட்கலாம். கோடி கோடியாகச் சம்பாதிக்கும் கம்பெனிக்கு மக்கள் வரிப்பணத்தைத் தூக்கிக் கொடுக்கிறார்கள் என்று ஒரு தரப்பு கொதிக்கும். இன்னும் அஞ்சாறு வருஷத்தில் புகையே இல்லாத விமானம் வந்துவிடும் என்று இன்னொரு தரப்பு நாள் எண்ணும். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அந்தப் பணம் எந்த இடத்தில் போய் விழுகிறது என்பதை இரண்டு தரப்புமே பார்ப்பதில்லை. அது எஞ்சின் வாங்குகிற பணம் இல்லை, எஞ்சினைச் செய்து முடித்து விற்பனைக்குக் கொண்டுவருகிற பணமும் இல்லை. இரண்டுக்கும் முன்னால், ஆய்வகத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது. பெரும்பாலும் அங்கேதான் போகிறது. அந்த இடம் புரிய வேண்டுமானால் முதலில் எஞ்சினையே கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டும்.

## எஞ்சின் எப்படித் தள்ளுகிறது

ஜெட் எஞ்சினின் வேலை, முன்னாலிருந்து காற்றை வாங்கி, வாங்கியதைவிட அதிக வேகத்தில் பின்னால் தள்ளுவது. காற்று பின்னால் போனால் விமானம் முன்னால் போகும். இப்படிக் கிடைக்கும் தள்ளலுக்கு உந்துவிசை என்று பெயர்.

விமானத்தில் ஏறும்போதே கண்ணில் படுகிற அந்தப் பெரிய சக்கரம் விசிறி. அதற்குப் பின்னால் கம்ப்ரசர், அதாவது காற்றை அடுக்கடுக்காக அழுத்திச் சுருக்கும் சக்கரங்களின் வரிசை. அழுத்தப்பட்ட காற்று எரிஅறைக்குள் போய் எரிபொருளோடு கலந்து எரிகிறது. சூடேறி விரிந்த வாயு, வெளியேறும் வழியில் டர்பைன் சக்கரங்களைச் சுழற்றிவிட்டுப் போகிறது. டர்பைன் சுழலும் சக்தியில்தான் முன்னால் இருக்கும் கம்ப்ரசரும் விசிறியும் சுழல்கின்றன. கம்ப்ரசர், எரிஅறை, அதை ஒட்டிய டர்பைன் மூன்றும் சேர்ந்த நடுப்பகுதிக்கு கோர் என்று பெயர்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. விமானம் நின்றுகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 1 கிலோ காற்றை 400 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும், 4 கிலோ காற்றை 100 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் உந்துவிசை ஒன்றுதான். ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால், முதல் வழிக்கு ஆகிற ஆற்றலில் கால்வாசி போதும் இரண்டாவதற்கு. ஆக, கொஞ்சம் காற்றைப் படுவேகமாகத் தள்ளுவதைவிட நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளுவது லாபம். கடந்த அறுபது ஆண்டுகளில் எஞ்சின்கள் சிக்கனமானதில் பெரும்பங்கு இந்த ஒரு வரியிலிருந்துதான் வந்தது.

அதனால்தான் விசிறி தள்ளும் காற்று முழுவதையும் கோருக்குள் அனுப்புவதில்லை. பெரும்பகுதி கோரைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்னால் போய்விடுகிறது. கோருக்குள் நுழையும் ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோ வெளியே சுற்றிப் போகிறது என்ற கணக்குதான் பைபாஸ் விகிதம். 1960களில் போயிங் 727, 737 விமானங்களில் இருந்த, அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி கம்பெனி செய்த எஞ்சினில் இது ஏறக்குறைய 1. பிறகு வந்த சிஎஃப்எம்56 எஞ்சினில் 5 முதல் 6. இன்று சென்னையிலிருந்து பறக்கும் இண்டிகோ ஏ320நியோ விமானங்கள் பலவற்றில் இருக்கும் லீப் எஞ்சினில் 11. பழைய ஏ320க்குப் பக்கத்தில் புதியது நின்றால் எஞ்சின் வாயின் அகலத்தை வைத்தே எது எது என்று சொல்லிவிடலாம்.

இரண்டாவது வழி கோருக்குள் இருக்கிறது. காற்றை எவ்வளவு அதிகமாக அழுத்தி, எவ்வளவு சூடாக எரிக்கிறோமோ அவ்வளவுக்கு ஒரே அளவு எரிபொருளிலிருந்து அதிக வேலை வாங்கலாம். சிக்கல், உலோகம் தாங்காது. இன்றைய எஞ்சின்களில் டர்பைன் இதழ்களின் மேல் பாயும் வாயு, அந்த இதழ் செய்யப்பட்ட உலோகம் உருகும் வெப்பநிலையையே தாண்டியது. உருகாமல் எப்படி நிற்கிறது? இதழின் உடம்பெல்லாம் ஊசி முனை அளவுக்குத் துளைகள்; அவை வழியாகக் கம்ப்ரசரிலிருந்து கொஞ்சம் குளிர்ந்த காற்று கசிந்து வந்து இதழின் மேல் ஒரு போர்வைபோலப் படர்கிறது. அந்தப் போர்வைதான் காப்பாற்றுகிறது. ஆனால் அப்படித் திருப்பிவிட்ட காற்று வேலைக்குப் பயன்படாமல் போகிறது, அது நஷ்டம். அதிகச் சூட்டைத் தாங்கும் பொருள் கிடைத்தால் அந்தக் காற்றை மிச்சம் பிடிக்கலாம், அதனால்தான் பீங்கான் கலவைப் பொருள்களுக்கு இத்தனை மவுசு.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: விசிறி பெரிதாக வேண்டும், கோர் சிறிதாகவும் சூடாகவும் ஆக வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்த இந்த இரண்டு கதவுகள்தான் எஞ்சினுக்கு உண்டு.

## சிக்கனமும் சுத்தமும் ஒன்றல்ல

செய்திகளில் "சிக்கனமான, சுத்தமான எஞ்சின்" என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். கார்பன் டை ஆக்சைடைப் பொறுத்தவரை அது சரி. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் ஏறக்குறைய 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வந்தே தீரும் (காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சேருவதால் எடை கூடுகிறது). இதில் எந்த எஞ்சினாலும் ஏமாற்ற முடியாது. கம்மியாக எரித்தால் கம்மியாக வரும்.

நைட்ரஜன் ஆக்சைடுகள் வேறு கதை. விமான நிலையங்களைச் சுற்றியிருப்பவர்களின் நுரையீரலுக்குக் கேடு செய்பவை இவை, ஓசோன் உருவாகவும் காரணம். இவை எரிபொருளிலிருந்து வருவதில்லை, காற்றிலிருந்தே வருகின்றன. காற்றில் எப்போதும் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சாதாரணமாக ஒன்றையொன்று சீண்டுவதில்லை; சூடு மிக அதிகமானால்தான் சேரும். இப்போது முந்தைய பகுதியை நினைத்துப் பாருங்கள். சிக்கனத்துக்காக எரிஅறையை இன்னும் சூடாக்கச் சொன்னோம் அல்லவா? அப்படிச் சூடாக்கினால் எரிபொருள் குறையும், நைட்ரஜன் ஆக்சைடு கூடும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும்.

இதிலிருந்து வெளியேற வழி, எரிபொருளையும் காற்றையும் முன்கூட்டியே சீராகக் கலந்து, காற்று தாராளமாக இருக்கும்படி எரிப்பது. எரிஅறையின் சராசரிச் சூட்டைவிட, அங்கங்கே சரியாகக் கலக்காமல் தனியாகக் கொதிக்கும் இடங்கள்தான் நைட்ரஜன் ஆக்சைடை அதிகம் உற்பத்தி செய்கின்றன. நன்றாகக் கலந்தால் அந்த இடங்கள் காணாமல் போகும். கேட்க எளிது. ஆனால் காற்று அதிகமாக இருக்கும் சுடர் சட்டென்று அணைந்துவிடும், முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் எஞ்சின் அணைவதை யாரும் விரும்பமாட்டார்கள். அதனால் நடுவில் ஒரு சிறிய நிலையான சுடரும், அதைச் சுற்றிச் சுழன்று கலந்து எரியும் பெரிய சுடருமாக, இன்னொரு அமெரிக்க எஞ்சின் கம்பெனியான ஜெனரல் எலக்ட்ரிக் ஒரு எரிஅறையை உருவாக்கியது. டாப்ஸ் என்பது அதன் பெயர். அதன் இரண்டாம் தலைமுறை, அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ பாதிச் செலவை ஏற்ற ஒரு திட்டத்தில் சோதித்துத் தேர்ச்சி பெற்று, லீப் எஞ்சினுக்குள் போனது. சுழற்றிக் கலக்கும் வேலையைச் செய்யும் எரிபொருள் முனை, வால்நட் கொட்டை அளவுதான் இருக்கும். உள்ளே பின்னிப் பிணைந்த குழாய்கள். முன்பு இருபது துண்டுகளைப் பற்றவைத்துச் செய்ததை இப்போது முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக எடுக்கிறார்கள், எடையும் கால்வாசி குறைவு.

சத்தம் மூன்றாவது. அதற்கும் தனி இழுபறி உண்டு, இங்கே அதற்குள் போகவில்லை.

## நடுவில் இருக்கும் பள்ளம்

சரி, இவ்வளவு நல்ல யோசனை என்றால் கம்பெனியே செய்துகொள்ள வேண்டியதுதானே? எரிபொருள்தான் விமான நிறுவனங்களின் மிகப் பெரிய செலவுகளில் ஒன்று, சிக்கனமான எஞ்சினை அள்ளிக்கொண்டு போவார்களே?

நியாயமான கேள்வி. பதில், ஒரு யோசனை எத்தனை தூரம் வளர்ந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. இதை அளக்க நாசா 1970களில் ஒரு அளவுகோலைத் தொடங்கியது. இன்று அதில் 1 முதல் 9 வரை படிகள், பெயர் தொழில்நுட்பத் தயார்நிலை. காகிதத்தில் சமன்பாடாக இருந்தால் 1. ஆய்வக மேசையில் ஒரு துண்டு வேலை செய்தால் 3 அல்லது 4. முழு எஞ்சினில் பொருத்தி, உண்மையான சூட்டிலும் அதிர்விலும் ஓட்டிப் பார்த்தால் 6. பயணிகளோடு பறந்துகொண்டிருந்தால் 9.

முதல் மூன்று படிகளுக்குப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, செலவும் குறைவு. கடைசி மூன்று படிகளில், வேலை செய்யும் என்று தெரிந்துவிட்டதால் கம்பெனி தன் பணத்தைப் போடும். மாட்டிக்கொள்வது நடுவில். வேலை செய்யுமா என்று தெரியாது, ஆனால் தெரிந்துகொள்ளவே பல கோடி டாலர் ஆகும்.

நம் ஊரில் போர் போடுகிற விவசாயியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கிறதா என்று தெரிய ஒரே வழி துளை போடுவதுதான். நீரோட்டம் பார்க்கிறவர் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அறுநூறு அடி, எண்ணூறு அடி என்று லாரி உறுமிக்கொண்டே இறங்கும், அடிக்கு இவ்வளவு என்று மீட்டர் ஓடும், மேலே வெறும் புழுதி மட்டும் வந்துகொண்டிருக்கும். தண்ணீர் வராவிட்டால் போட்டது போட்டதுதான். வந்துவிட்டாலோ, எத்தனை அடியில், எந்தப் பக்கம் வந்தது என்பதைப் பக்கத்துத் தோட்டக்காரர் வேலிக்கு அந்தப் புறமிருந்தே பார்த்துக்கொண்டு அடுத்த மாதம் தன் நிலத்தில் சரியான இடத்தில் லாரியை நிறுத்துவார், செலவில்லாமல். அதனால் எல்லோரும் முதலில் பக்கத்துக்காரன் போடட்டும் என்று காத்திருப்பார்கள்; ஊரில் யாருமே போடமாட்டார்கள். இந்த இடத்தில் துளை போடும் செலவில் பாதியை அரசாங்கம் ஏற்றுக்கொண்டால் ஒருவர் துணிவார். மோட்டார், குழாய், வரப்பு, விதை எல்லாம் அவர் பாடு. அரசு கொடுப்பது விவசாயம் செய்ய இல்லை, துளை போட்டுப் பார்க்க.

எஞ்சினிலும் நடப்பது இதேதான், இன்னும் இரண்டு சங்கடங்கள் கூடுதலாக. ஒன்று, காலம். ஒரு யோசனை நாலாவது படியிலிருந்து ஒன்பதுக்கு வரப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் எண்ணெய் விலை பத்து தடவை ஏறி இறங்கும். இன்னொன்று, புகையின் விலை பெரும்பாலும் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. சர்வதேச விமானங்களின் எரிபொருளுக்குப் பெரும்பாலும் வரிகூடக் கிடையாது. 1944ஆம் ஆண்டின் சிகாகோ ஒப்பந்தத்திலிருந்து வந்த பழக்கம் அது. விமானம் வெளியே விடும் கார்பனில் பெரும்பகுதிக்கு விமான நிறுவனம் காசு கட்டாதபோது, அதைக் குறைப்பதற்கும் அது காசு கொடுக்கத் தயாராக இருக்காது.

ஆக, அரசு நிதி வருவது பெரும்பாலும் 4 முதல் 6 வரையான படிகளுக்கு. மேலே சொன்ன எஃப்ஏஏ திட்டத்தின் பெயர் கிளீன், 2010இல் தொடங்கியது; அது எழுதிவைத்திருக்கும் எல்லையே 3, 4ஆம் படியில் இருப்பதை 6, 7க்குக் கொண்டுபோவதுதான். அரசு போடும் தொகைக்குச் சமமாகவோ அதற்கு மேலோ கம்பெனி போட்டாக வேண்டும். ஐந்தைந்து ஆண்டுக் கட்டங்களாக நடக்கிறது, ஒவ்வொரு கட்டத்திலும் அரசின் பங்கு 10 கோடி டாலரை ஒட்டியது, அதுவும் பல கம்பெனிகளுக்குப் பிரித்து. இதற்கு எதிரே ஒரு எண்ணை வைத்துப் பாருங்கள்: பற்சக்கரம் வைத்த தன் புதிய எஞ்சினை உருவாக்க பிராட் அண்ட் விட்னிக்கு ஆனதாகச் சொல்லப்படுவது ஏறக்குறைய 1000 கோடி டாலர். அரசு எஞ்சின் செய்து கொடுக்கிறது என்று பேசுவது எவ்வளவு பொருத்தமில்லாதது என்று இதிலேயே தெரிந்துவிடும்.

## விற்கப்படாத எஞ்சின், பறக்கும் எஞ்சின்

இந்த மாதிரி உதவி எப்படிப் பலன் தருகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1970களுடையது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியதும் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது, அமெரிக்க விமான நிறுவனங்கள் தள்ளாடின. அமெரிக்க செனட் நாசாவைப் பார்த்து வழி கேட்டது. நாசா ஆரம்பித்த திட்டங்களில் ஒன்று ஆற்றல் சிக்கன எஞ்சின் திட்டம். ஜெனரல் எலக்ட்ரிக், பிராட் அண்ட் விட்னி இரண்டுக்கும் ஒப்பந்தம். அன்றைய நல்ல எஞ்சின்களைவிட 12 சதவீதமாவது குறைவாக எரிபொருள் குடிக்க வேண்டும் என்பது இலக்கு.

1980களின் தொடக்கத்தில் இலக்கைத் தாண்டியே முடித்தார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? அந்த எஞ்சின் எந்த விமானத்திலும் ஏறவில்லை. ஒன்றுகூட விற்கப்படவில்லை. அன்றைக்கு ஒரு செய்தியாளர் எழுதியிருந்தால் "மக்கள் பணம் வீண்" என்று தலைப்புப் போட்டிருக்கலாம், யாரும் மறுத்திருக்க முடியாது.

ஆனால் ஜெனரல் எலக்ட்ரிக் அந்தத் திட்டத்தில் ஒரு கம்ப்ரசரை உருவாக்கியிருந்தது: பத்தே அடுக்குகளில் காற்றை 23 மடங்கு அழுத்தும். 1990களில் போயிங் 777க்காக ஒரு பெரிய எஞ்சின் தேவைப்பட்டபோது அந்தக் கம்ப்ரசரைப் பெரிதாக்கி உள்ளே வைத்தார்கள். அதுதான் ஜிஇ90, 1995இல் பறக்க ஆரம்பித்தது. அரசு போட்ட துளைக்கும் தண்ணீர் வந்ததற்கும் இடையில் ஒரு தலைமுறை. பயன்பட்டதும் முழு எஞ்சின் இல்லை, ஒரு உறுப்பு. இந்தத் துறையில் இதுதான் வழக்கம், விதிவிலக்கு இல்லை.

அதே காலத்தில் நாசா பணம் போட்ட இன்னொரு யோசனைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. விசிறியைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் அதைச் சுற்றியிருக்கும் உறையின் எடையும் காற்றுத் தடையும் கிடைக்கும் லாபத்தைத் தின்றுவிடும். உறையையே கழற்றிவிட்டால் என்ன? ஜெனரல் எலக்ட்ரிக் அப்படி ஒன்றைச் செய்து, 1986இல் ஒரு போயிங் 727இல் மாட்டிக் கலிபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் பறக்கவிட்டது. அரிவாள்போல வளைந்த இதழ்கள் எஞ்சினுக்கு வெளியே எதிரெதிராகச் சுழன்றன. எரிபொருள் நன்றாகவே குறைந்தது. ஆனால் அதே ஆண்டு எண்ணெய் விலை சரிந்தது. சத்தமும் அதிகம். விமான நிறுவனங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள்.

## பணம் வரும் மற்ற வழிகள்

செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்வது ஒரு வழி. ஐரோப்பாவிலும் அதேதான், 2008இல் கிளீன் ஸ்கை என்று ஆரம்பித்து, இப்போது கிளீன் ஏவியேஷன் என்ற பெயரில் நடக்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் 170 கோடி யூரோ, தொழில் நிறுவனங்கள் குறைந்தது 240 கோடி யூரோ என்று கணக்கு.

இரண்டாவது, திருப்பிக் கொடுக்கும் முதலீடு. அரசு முன்பணம் தரும். எஞ்சின் விற்றால் ஒவ்வொன்றின் மேலும் இவ்வளவு என்று திரும்ப வாங்கிக்கொள்ளும். விற்காவிட்டால் போனது போனதுதான். பிரிட்டனில் இது பழைய வழக்கம். இதன் அபாயத்துக்கும் பிரிட்டனே சாட்சி. ரோல்ஸ் ராய்ஸ் தன் ஆர்பி211 எஞ்சினுக்குக் கார்பன் இழையால் விசிறி இதழ்கள் செய்தது, எடை குறையும் என்று. 1970இல் பறவை மோதினால் தாங்குமா என்ற சோதனையில் அவை தேறவில்லை. டைட்டேனியத்துக்கு மாற வேண்டியிருந்தது, செலவு எங்கோ போனது, 1971 பிப்ரவரியில் கம்பெனியே திவாலானது. அரசு அதை நாட்டுடைமையாக்கியது. 1987இல்தான் மறுபடி தனியார் கைக்குப் போனது. ஆனால் அந்த எஞ்சின் சாகவில்லை, இன்று ஏ350, 787 விமானங்களில் இருக்கும் டிரெண்ட் எஞ்சின்கள் எல்லாம் அதன் வம்சம்தான். கலவைப் பொருளால் ஆன விசிறி இதழும் கடைசியில் ஜெயித்தது, இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, மேலே சொன்ன ஜிஇ90இல்.

மூன்றாவது வழி கண்ணுக்குத் தெரியாதது: ராணுவம். உலகத்திலேயே அதிகம் விற்ற விமான எஞ்சின் வரிசைகளில் ஒன்றான சிஎஃப்எம்56இன் கோர், அமெரிக்காவின் பி-1 குண்டுவீச்சு விமானத்துக்காக அரசுப் பணத்தில் உருவானது. ஜெனரல் எலக்ட்ரிக் அதைப் பிரான்ஸின் ஸ்னெக்மாவோடு சேர்ந்து பயணிகள் எஞ்சினாக்க விரும்பியபோது, ரகசியம் வெளியே போய்விடும் என்று அமெரிக்க அரசு ஏற்றுமதி அனுமதி மறுத்தது. 1973இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நிக்சனும் பிரெஞ்சு அதிபர் பொம்பிடூவும் சந்தித்த பிறகுதான் வழி பிறந்தது. அரசு போட்ட பணத்துக்கு ஈடாக, விற்கும் எஞ்சின்களின் மேல் கணக்கிட்டு 8 கோடி டாலர் தர ஜெனரல் எலக்ட்ரிக் ஒப்புக்கொண்டது. இதுபோன்ற பணத்தைப் "பசுமை நிதி" என்று யாரும் கணக்கில் எழுதுவதில்லை, ஆனால் எரிபொருள் மிச்சம் என்னவோ மிச்சம்தான்.

நான்காவது, பணமே இல்லாமல் சட்டத்தால் தள்ளுவது. நைட்ரஜன் ஆக்சைடுக்கு ஐநாவின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ 1981இலிருந்தே வரம்பு வைத்து, அவ்வப்போது இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. கார்பன் டை ஆக்சைடுக்கான விதி 2017இல்தான் வந்தது. 2028க்குப் பிறகு அந்த அளவை எட்டாத மாடல்களைப் புதிதாகச் செய்ய முடியாது. பணம் மட்டும் கொடுத்து விதி வைக்காவிட்டால் சோதித்து முடித்த தொழில்நுட்பம் அலமாரியில் தூங்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வண்டி ஓடும் என்பது என் எண்ணம்.

சுருக்கமாக: பங்கு போடுவது, திரும்ப வாங்குவது, ராணுவம் வழியாக வருவது, விதி வைப்பது. "அரசு உதவி" என்று செய்தியில் பார்த்தால் இதில் எது என்று முதலில் பாருங்கள்.

## வரிப்பணத்தைத் தூக்கிக் கொடுப்பதா?

கொதிக்கிற தரப்புக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. போயிங்குக்காக அமெரிக்காவும் ஏர்பஸுக்காக ஐரோப்பிய ஒன்றியமும் உலக வர்த்தக அமைப்பில் 2004இலிருந்து பதினேழு ஆண்டுகள் மாறி மாறி வழக்கு நடத்தின. ஐரோப்பாவின் முன்பணம் முறையற்ற மானியம் என்று தீர்ப்பானது. மறுபக்கம், நாசாவின் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பகுதி போயிங்குக்குக் கொடுத்த மானியம் என்றும் தீர்ப்பானது. 2021இல் இரு தரப்பும் தற்காலிகமாகக் கை குலுக்கிக்கொண்டன. ஆக, ஆராய்ச்சி என்று பெயர் வைத்தாலே சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

பெரிய எஞ்சின் செய்யும் கம்பெனிகள் உலகத்தில் ஒரு கை விரலுக்குள் அடங்கும் என்பதும் உண்மை. யாருக்குக் கொடுத்தாலும் ஏற்கெனவே பெரியவர்களுக்குத்தான் போய்ச் சேரும். இதற்கு நல்ல பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பாதிச் செலவு உன்னுடையது என்ற நிபந்தனை ஒன்றுதான் கடிவாளம்.

ஆனால் இப்படிப் பாதிச் செலவைப் பகிரும் திட்டங்களில், கடைசிப் படிகளில் வரும் ஆபத்து முழுக்கக் கம்பெனியின் தலையில்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிராட் அண்ட் விட்னியின் பற்சக்கர எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றால்தான் நல்லது, இல்லாவிட்டால் இதழ் முனை ஒலியின் வேகத்தைத் தாண்டிச் சத்தமும் நஷ்டமும் கூடும். டர்பைனோ வேகமாகச் சுழன்றால்தான் நன்றாக வேலை செய்யும். ஒரே தண்டில் இரண்டையும் கட்டினால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். நடுவில் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற பற்சக்கரப் பெட்டியை வைத்தால் இரண்டும் தன் தன் வேகத்தில் ஓடும். நாசாவும் கிளீன் திட்டமும் வெவ்வேறு கட்டங்களில் இந்த எஞ்சினின் வளர்ச்சிக்குக் கை கொடுத்தன. 2016இல் சேவைக்கு வந்தது. பற்சக்கரம் பெரிதாகத் தொல்லை கொடுக்கவில்லை. மாட்டியது வேறு இடத்தில்: சில ஆண்டுகள் உற்பத்தியான உலோகப் பொடியில் மாசு கலந்திருந்து, அதிலிருந்து செய்த டர்பைன் தட்டுகளில் விரிசல் வரலாம் என்று 2023இல் வெளியானது. உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான விமானங்கள் சோதனைக்காகத் தரையிறக்கப்பட்டன, இண்டிகோவின் பல பத்து விமானங்கள் உட்பட. அதற்கு முன்பே அதே எஞ்சின்களின் கோளாறைக் காரணம் சொல்லி இந்தியாவின் கோ ஃபர்ஸ்ட் திவால் மனுப் போட்டிருந்தது. இந்தச் செலவுக்கெல்லாம் எந்த ஆராய்ச்சித் திட்டமும் பாதி கொடுப்பதில்லை.

## புகையே இல்லாத விமானம்?

இப்போது மறு தரப்பு. ஒரு தலைமுறை எஞ்சின் இன்னொன்றுக்கு மாறும்போது மிச்சமாவது 15 முதல் 20 சதவீதம். லீப், தனக்கு முந்தைய சிஎஃப்எம்56ஐவிட ஏறக்குறைய 15 சதவீதம் சிக்கனம். பெரிய சாதனைதான், ஆனால் ஒரு விமானம் இருபது இருபத்தைந்து ஆண்டுகள் ஓடும், அதனால் உலகத்தில் இருக்கும் எல்லாமே மாற இன்னொரு தலைமுறை ஆகும்.

அதற்குள் பயணம் கூடிவிடுகிறது. ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ஆகும் எரிபொருள் 1990இலிருந்து 2019க்குள் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. மொத்தக் கார்பன் உமிழ்வோ அதே காலத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகி, ஆண்டுக்கு 100 கோடி டன்னைத் தொட்டது. எரிபொருள் மிச்சமானால் டிக்கெட் மலிவாகும், மலிவானால் கூட்டம் கூடும். எஞ்சின் ஆராய்ச்சியால் உமிழ்வு குறையும் என்று சொல்லும்போது "இல்லாவிட்டால் இருந்திருக்கக்கூடியதைவிட" என்ற சொற்களை மனதுக்குள் சேர்த்துக்கொள்வது நல்லது. மொத்த அளவு இறங்க வேண்டுமானால் வேறு எரிபொருள், கார்பனுக்கு விலை, குறுகிய தூரத்துக்கு ரயில் என்று எஞ்சினுக்கு வெளியே இருக்கும் விஷயங்களைத் தொட்டாக வேண்டும்.

இந்த நேரத்தில் 1986இன் அந்த உறையில்லா எஞ்சின் மறுபடி எழுந்து வந்திருக்கிறது. ஜெனரல் எலக்ட்ரிக்கும் அதன் பிரெஞ்சுக் கூட்டாளியும் சேர்ந்து நடத்தும் சிஎஃப்எம் கம்பெனி 2021இல் அறிவித்த ரைஸ் திட்டம் அதேதான். எதிரெதிராகச் சுழலும் இரண்டு வரிசைக்குப் பதில், ஒரு வரிசை மட்டும் சுழலும், பின்னால் இருக்கும் இதழ்கள் சுழலாமல் காற்றை நேராக்கும். சத்தம் குறைய அது ஒரு காரணம். இன்றைய எஞ்சின்களைவிட 20 சதவீதத்துக்கு மேல் மிச்சம் என்பது இலக்கு. ஐரோப்பாவின் கிளீன் ஏவியேஷன், பிரெஞ்சு அரசு, எஃப்ஏஏ, நாசா என்று பல கைகள் இதன் வெவ்வேறு துண்டுகளுக்குப் பங்கு போடுகின்றன. ஒரு ஏர்பஸ் ஏ380இன் இறக்கையில் மாட்டிப் பறக்கவிட்டுப் பார்ப்பது திட்டத்தில் இருக்கிறது, இந்தப் பத்தாண்டின் இறுதிக்குள்.

அந்தப் பறப்போடு அரசுகளின் பங்கு பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்கு அப்புறம் உறையில்லாத இதழ் ஒன்று உடைந்து பறந்தால் விமானத்தின் உடம்பு தாங்குமா என்று அதிகாரிகளைத் திருப்திப்படுத்துவது, விமானத்தையே அந்த எஞ்சினுக்கு ஏற்றபடி புதிதாக வரைவது, தொழிற்சாலை கட்டுவது என்று வரும் பெரிய பில்லைக் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போவது சிஎஃப்எம்மும் விமானம் செய்பவர்களும்தான். அவர்கள் மேசையில் அன்றைக்கும் முதலில் விரிக்கப்படுவது எண்ணெய் விலையின் வரைபடமாகத்தான் இருக்கும்.